யாழ்ப்பாணத்து ஹார்ட் பக்கேஜ்: அறுபது கடந்த ஆண்களுக்கு எது காசுக்குத் தகும்?

யாழ்ப்பாண நகரத்துத் தனியார் லாப்புகளில் 'ஹார்ட் பக்கேஜ்' என்று கேட்டால் வழமையாக இரண்டு மூன்று தரத்தில் விலைப்பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். சின்னதில் கொலஸ்ட்ரோலும் சீனியும் இருக்கும். நடுத்தரத்தில் ஈரல், சிறுநீரகம், ஈசிஜி சேரும். பெரியதில் ஹோமோசிஸ்டீன், சிஆர்பி, சிகே-எம்பி, ட்ரோபோனின் என்று பெயர்கள் நீளும். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் ஊரிலுள்ள அப்பாவுக்குக் காசு கட்டுவது அநேகமாக இந்தப் பெரியதுக்குத்தான். எழுதப்போவது எந்த ஒரு லாப்பையும் பற்றி அல்ல. பக்கேஜ் என்ற பெயரில் விற்கப்படும் அந்தச் சேவையை, வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கில் எடைபோடுகிறோம்.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். சின்னப் பக்கேஜ் நல்லது, தாராளமாக எடுக்கலாம். பெரியதில் கூடுதலாகச் சேர்க்கப்படுபவற்றில் பாதிக்கு மேல் முதிய ஆணுக்கு உதவாதவை. அவருக்கு உண்மையில் விபரம் சொல்லக்கூடிய மூன்று நான்கு ரெஸ்ட்டுகள் பக்கேஜுக்கு வெளியே, தனியே கேட்டு எடுக்கவேண்டியவையாக இருக்கின்றன.

காரணம் வயது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட இதயநோய் அபாய அட்டவணையில் 40 முதல் 74 வயது வரைக்கும் பெட்டிகள் உண்டு. பால், வயது, புகைத்தல், மேல் பிரஷர், சீனி வருத்தம், மொத்தக் கொலஸ்ட்ரோல் என்று ஆறு விடயங்களைக் கொண்டு அடுத்த பத்து வருடத்துக்கான அபாயம் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கடுஞ்சிவப்பு என்று நிறம் பெறும். அந்தத் தாளை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாலே தெரியும்: வயது ஏற ஏற நிறம் தானாகவே மாறுகிறது, கொலஸ்ட்ரோல் ஒரு கட்டம் கூடினால் வரும் மாற்றம் அதைவிடச் சிறிது. எழுபது வயதில் அநேகமாக எல்லோருடைய இரத்தக்குழாயிலும் ஓரளவு கொழுப்புப் படிந்துதான் இருக்கும். அந்த வயதில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட இரத்தத்தில் தேடவேண்டியது, இதயத் தசை இப்போது எவ்வளவு சிரமப்படுகிறது, சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்ற இரண்டையும்தான்.

இதற்கு நல்ல சான்று சுவீடனின் உப்சாலா நகர ஆண்களிடமிருந்து வருகிறது. 1920 தொடக்கம் 1924 வரை பிறந்தவர்களை ஐம்பது வயதில் பதிந்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. சராசரி 71 வயதான 1,135 பேரின் இரத்தத்தில் ட்ரோபோனின் ஐ (இதயத் தசை காயப்பட்டால் கசிவது), என்டி-புரோபிஎன்பி (இதயத் தசையின் சிரமத்தைக் காட்டுவது), சிஸ்டற்றின் சி (சிறுநீரகத்தின் வடிப்பைக் காட்டுவது), சிஆர்பி (உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டுவது) ஆகிய நான்கையும் அளந்து, சுமார் பத்து வருடம் கவனித்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் 315 பேர் இறந்தார்கள். 136 பேர் இதய, இரத்தக்குழாய் நோயால். வயது, பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல், சீனி போன்ற வழமையான விடயங்களைக் கொண்டு மட்டும் கணித்தபோது, யாருக்கு ஆபத்துக் கூட என்று வரிசைப்படுத்தும் திறன் 0.664. நான்கு குறியீடுகளையும் சேர்த்தபோது 0.766. இந்த அளவுகோலில் 0.5 என்றால் குருட்டு ஊகம், 1 என்றால் பிழையே இல்லை. தொடக்கத்தில் இதய வருத்தம் இல்லாத 661 பேரில் ஏற்றம் இன்னும் குறைவு: 0.688 இலிருந்து 0.748. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 3,209 பேரிடம் பத்துக் குறியீடுகளைப் பார்த்து 2006 இல் வந்த முடிவோ, வழமையான கணிப்புக்கு மேல் கிடைப்பது சொற்பம் என்றது. அங்கே ஆண், பெண் இருபாலாரும் இருந்தார்கள், வயதும் குறைவு. இரண்டையும் சேர்த்து வாசித்தால் வருவது இதுதான்: கூடுதல் குறியீடுகள் முதிய ஆண்களில் ஓரளவு உதவும், எல்லாருக்கும் அல்ல, உதவுகிற குறியீடுகளும் சிலவே. சுவீடன்காரரின் எண்களை அப்படியே நம்மவர்க்குப் பொருத்த முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி பக்கேஜைப் பிரித்துப் பார்க்கலாம்.

லிப்பிட் புரொஃபைல், அதாவது இரத்தக் கொழுப்புப் பரிசோதனை, எல்லாவற்றிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) என்று அச்சாகும் எண் பல இடங்களில் அளந்தது அல்ல, கணக்குப் போட்டது. மொத்தக் கொலஸ்ட்ரோலில் எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரோலைக் கழித்து, ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு கொழுப்பின் ஐந்தில் ஒன்றையும் கழிப்பார்கள். 1972 இலிருந்து பாவனையில் இருக்கும் சூத்திரம். ஒருவரின் மொத்தம் 212, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைட் 190 என்றால் எல்டிஎல் டெசிலீற்றருக்கு 136 மில்லிகிராம். இன்னொருவருக்கு மொத்தம் 230, எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைட் 390. சூத்திரப்படி அவரின் எல்டிஎல் 116. தாளில் அவர்தான் நல்ல பிள்ளையாகத் தெரிவார். உண்மையில் நிலைமை மோசமானவர் அவர்தான். ட்ரைகிளிசரைட் ஏற ஏற இந்தச் சூத்திரம் எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும். 400 ஐத் தாண்டினால் பாவிக்கவே கூடாது. மூன்று வேளையும் சோறு, இடியப்பம், புட்டு என்று மாப்பொருளில் ஓடும் யாழ்ப்பாணத்து வயிற்றுக்கு, அதுவும் சீனி வருத்தம் சேர்ந்தவருக்கு, ட்ரைகிளிசரைட் கூடுவதும் எச்டிஎல் குறைவதும் மிகச் சாதாரணம். ஆகவே இந்தப் பிழை இங்கே அடிக்கடி வரக்கூடியது.

இதற்கு மாற்று இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரோலில் எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். முதலாமவருக்கு 174, இரண்டாமவருக்கு 194. இதுதான் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரோல். இரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாக் கொழுப்புத் துணிக்கைகளும் இதற்குள் அடங்கும், சாப்பிட்டாலும் பெரிதாக மாறாது. டொக்டர் எல்டிஎல்லுக்குச் சொல்லும் இலக்கோடு 30 ஐக் கூட்டினால் இதற்கான இலக்கு. சில லாப்புகள் இதை ரிப்போர்ட்டிலேயே போட்டுத் தருகின்றன. அது அந்த லாப்புக்கு ஒரு நல்ல புள்ளி. காசு இருந்தால் ஏபோ-பி என்ற புரதத்தை அளக்கக் கேட்கலாம். ஒவ்வொரு கெட்ட துணிக்கையிலும் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் துணிக்கைகளை எண்ணியது போலாகும். 130 மில்லிகிராமும் அதற்கு மேலும் கூடுதல் என்று கொள்ளப்படும். ட்ரைகிளிசரைட் கூடியவருக்கு மட்டுமே இந்தச் செலவு தேவை.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. இங்கே கொலஸ்ட்ரோலை மில்லிகிராமில் தருவார்கள், கனடாவிலும் இங்கிலாந்திலும் மில்லிமோலில். கொலஸ்ட்ரோலை 38.7 ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.6 ஆலும் சீனியை 18 ஆலும் வகுக்கவேண்டும். 212 என்பது 5.5. உலக சுகாதார நிறுவன அட்டவணையும் மில்லிமோலில்தான் இருக்கிறது.

சீனிக்கு வெறும் வயிற்று அளவோடு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் இருந்தால் நல்லது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சீனி வருத்தம், 5.7 இலிருந்து 6.4 வரை எல்லைக்கோடு. இரத்தசோகை உள்ளவருக்கு இந்த எண் ஏமாற்றும்.

தசையிலிருந்து வந்து சிறுநீரகத்தால் வடியும் கழிவான கிரியேற்றினின் பெரும்பாலும் பக்கேஜில் இருக்கும், ஆனால் அரைகுறையாக. 75 வயது ஐயா ஒருவருக்குக் கிரியேற்றினின் 1.3 என்று வந்தால், பல தாள்களில் அது நோமல் எல்லைக்குள் விழும். அதையே வயதும் பாலும் சேர்த்த 2021 ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் வடிகட்டும் வேகம், அதாவது ஈஜிஎஃப்ஆர், 57 அளவில் வரும். 60 க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது சிறுநீரக நோய். இதய அபாயத்தையும் அது உயர்த்தும். மெலிந்து தசை வற்றிய முதியவர்களில் கிரியேற்றினினும் குறைவாகவே இருக்கும் என்பதால் ஈஜிஎஃப்ஆர்கூட நல்லதுபோலத் தெரியலாம். உப்சாலா ஆய்வில் சிஸ்டற்றின் சியைப் பாவித்ததன் பயன் இங்கேதான் புரியும்: அது தசையின் அளவில் அவ்வளவாகத் தங்கியிருப்பதில்லை. இவற்றோடு சேர்க்கவேண்டிய மலிவான ரெஸ்ட், காலைச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம். ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்கவேண்டும். காய்ச்சலோ சலக்கடுப்போ இருக்கும்போது செய்யக்கூடாது. கூடி வந்தால் மூன்று மாதத்துக்குள் திரும்பச் செய்து உறுதிப்படுத்தவேண்டும். பிரஷரும் சீனியும் உள்ளவருக்கு இந்த ரெஸ்ட் இல்லாத பக்கேஜை ஹார்ட் பக்கேஜ் என்று சொல்வதே சரியில்லை.

அடுத்தது என்டி-புரோபிஎன்பி. இதயத் தசை இழுபடும்போது அதிலிருந்தே வெளிவரும் பொருள் இது. ஆறுதலாக வந்து ரெஸ்ட் செய்பவருக்கு 125 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் இதயப் பலவீனம் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கூடினால் உடனே பயப்படவேண்டியதில்லை. வயது, சிறுநீரகக் குறைபாடு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு எல்லாம் இதை ஏற்றும். உடல் பருமன் இறக்கும். எழுபது தாண்டியவர்களில் 125 ஐக் கடந்தவர்கள் ஏராளம். அதன் அடுத்த படி எக்கோ என்ற இதய ஸ்கான். எனவே, சீனியோ நாள்பட்ட பிரஷரோ உள்ளவர், படியேற மூச்சு வாங்குகிறவர், காலில் வீக்கம் உள்ளவர் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைக்கிறோம். எதுவும் இல்லாத, தோட்டத்தில் நாள்முழுக்க நின்று இறைக்கிற மனிதருக்கு வேண்டாம்.

எல்டிஎல்லைப் போன்ற ஒரு கொழுப்புத் துணிக்கையான எல்பி(ஏ)யை ஆயுளில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். அது பிறப்போடு வருவது. சாப்பாட்டாலும் நடையாலும் மாறாது, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசையாலும் குறையாது. 50 மில்லிகிராம் அல்லது 125 நனோமோல் அளவுக்கு மேல் கூடுதல். இரண்டு அலகுக்கும் இடையே நேரான பெருக்கல் கணக்கு இல்லை என்பதால் ரிப்போர்ட்டில் எந்த அலகு என்று பார்த்தே வாசிக்கவேண்டும். தெற்காசியரில் இது ஐரோப்பியரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

வேண்டாதவை எவை? இரத்தத்திலுள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடியவர்களுக்கு இதயநோய் கூட என்பது உண்மைதான். ஆனால் ஃபோலிக் அசிட், பி விற்றமின்கள் கொடுத்து அதைக் குறைத்தும் மாரடைப்புக் குறையவில்லை என்று 2006 இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. தெரிந்தும் செய்ய ஒன்றுமில்லாத எண்ணுக்கு ஏன் காசு? சிகே-எம்பி, எல்டிஎச் என்ற நொதிகள் இரண்டும் தசை காயப்பட்ட பிறகு ஏறுபவை, எதிர்காலத்தைச் சொல்லா. பக்கேஜில் வரும் சாதாரண ட்ரோபோனினும் அப்படியே: ரெஸ்ட் கார்ட்டில் 'நெகற்றிவ்' என்று வருவது, அந்த நேரத்தில் இரத்தத்தில் அது அகப்படவில்லை என்பதற்குமேல் எதையும் சொல்லாது. அபாயத்தைக் கணிக்க, மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் உயர் உணர்திறன் ட்ரோபோனின் வேண்டும். எண்ணாக, நனோகிராம்/லீற்றரில் வரவேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நெஞ்சு நோ, இறுக்கம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி என்றால் ட்ரோபோனின் பார்க்க லாப்புக்குப் போகக்கூடாது. முதல் சில மணித்தியாலத்தில் அது ஏறாமலும் இருக்கும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து நேரே ஆஸ்பத்திரி.

சிஆர்பி இடைநடுவில் நிற்கும் ரெஸ்ட். தேவை உயர் உணர்திறன் வகை: லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3 க்கு மேல் கூடுதல். '6 க்குக் குறைவு' என்று மட்டும் ஒரு ரிப்போர்ட் சொன்னால் அது காய்ச்சலுக்குப் பார்க்கும் பழைய வகை, இதயத்துக்குப் பயனில்லை. 10 க்கு மேல் என்றால் உடம்பில் வேறேதோ நடக்கிறது. மாரிகாலத்துக் காய்ச்சல், பல்முரசு வீக்கம், ஆறாத கால்புண், மூட்டுவாதம் எல்லாம் இதை ஏற்றும். சுகமாகி இரண்டு கிழமையாவது சென்றபின் திரும்பச் செய்யவேண்டும். டெங்குக் காலத்தில் இதற்குக் காசு கட்டாமல் விடுவது நல்லது.

இரத்தம் எடுக்கும் கட்டத்தில்தான் சேவையின் தரம் உண்மையாகத் தெரியும். நல்ல லாப்பில் ஐயாவை வந்த களைப்போடு குத்தமாட்டார்கள். ஐந்து நிமிடம் கதிரையில் இருத்துவார்கள். கைக்குப் பட்டி கட்டி நரம்பு தேடித் தட்டிக்கொண்டு நின்றால், ஒரு நிமிடத்துக்கு மேல் போகும்போது நீர் வெளியேறி இரத்தம் தடிக்கும், கொலஸ்ட்ரோல் உள்ளதைவிடக் கூடிக் காட்டும். "கையை இறுக்கிப் பொத்தி விரியுங்கோ, பொத்தி விரியுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பொட்டாசியம் ஏறும். பிறகு குழாய்கள்: எச்பிஏ1சிக்கு ஊதா மூடி, சீனிக்குச் சாம்பல் மூடி, மற்றவைக்குச் சிவப்பு அல்லது மஞ்சள். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃபுளோரைட்டுத்தான் இரத்தக் கலங்கள் சீனியைத் தின்னாமல் தடுக்கிறது. சிவப்பு மூடியிலேயே சீனியும் பார்த்தால் மணித்தியாலத்துக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவை முதியவர்களுக்கு வசதிதான். ஆனால் பருத்தித்துறையிலோ காரைநகரிலோ விடிய ஆறரைக்கு எடுத்த இரத்தம், இன்னும் நாலு வீடு சுற்றி, மோட்டார் சைக்கிள் பெட்டியில் குலுங்கி, வெயிலில் சூடாகி நகரத்துக்கு வர இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகலாம். கலங்கள் உடையும், பொட்டாசியம் பொய்யாகக் கூடும். லிப்பிட்டுக்குப் பெரிய கேடு இல்லை. ஹோமோசிஸ்டீன்தான் முற்றாகக் கெடும்: ஐஸில் வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிரிக்காவிட்டால் கலங்களிலிருந்து கசிந்து எண் ஏறிக்கொண்டே போகும். பெரிய பக்கேஜை வீட்டுச் சேவையாக எடுப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் பயத்தில் ஒரு பகுதி இப்படி வருவது. கேட்கவேண்டிய கேள்வி இரண்டு: "எத்தனை மணிக்குள்ள சுத்துவியள்? இஞ்சயே செய்யுறியளா, கொழும்புக்கு அனுப்புறியளா?" எல்பி(ஏ), ஏபோ-பி, சிஸ்டற்றின் சி போன்றவை கொழும்புக்குப் போகும் சாத்தியமே அதிகம். போனால் தப்பில்லை, பிரித்த சீரத்தைக் குளிரில் அனுப்பினால் சரி. பதிலைத் தயங்காமல் சொல்லும் லாப்பை நம்பலாம்.

வெறும் வயிறு பற்றித் தேவைக்கு மேல் கண்டிப்பாக இருக்கிறார்கள். 2016 இல் ஐரோப்பிய நிபுணர் குழு, லிப்பிட்டுக்கு வெறும் வயிறு வழமையாகத் தேவையில்லை, ட்ரைகிளிசரைட் 440 ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்பப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. வெறும் வயிற்றுச் சீனி பார்ப்பதென்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் போதும். தண்ணீர் குடிக்கலாம், பிளேன்ரீ கூடாது. பிரஷர் குளிசையை வழமைபோலப் போடவேண்டும். காலைச் சாப்பாட்டோடு எடுக்கும் சீனிக் குளிசையையும் ஊசியையும் இரத்தம் கொடுத்தபின், சாப்பிடும்போதுதான் எடுக்கவேண்டும். அவற்றை எடுத்துவிட்டு வரிசையில் பசியோடு காத்திருந்தால் சீனி இறங்கி மயங்கிவிழ நேரிடும். முதல் நாள் இரவு கள்ளோ சாராயமோ எடுத்திருந்தால் ட்ரைகிளிசரைட் ரெஸ்ட்டை இன்னொரு நாளுக்குத் தள்ளலாம். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் குளிசை போடுபவர்கள் லாப்பில் கட்டாயம் சொல்லவேண்டும்; சில கருவிகளில் அது ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும்.

ரிப்போர்ட்டுத்தான் இந்தச் சேவையின் பலவீனமான இடம். எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நோமல் எல்லை, தாண்டினால் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் இல்லாத தாளைக் கண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் 68 வயதுக்காரர், சுருட்டுக் குடிப்பவராகவும் மேல் பிரஷர் 165 உள்ளவராகவும் இருக்கலாம். அவரின் அபாயம் அந்தத் தாளில் எங்குமே இல்லை. பிரஷர் அளக்காத, புகைத்தலைக் கேட்காத பக்கேஜ் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிதான். இந்த இடத்தில் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வுமுறை நிலையங்கள் தனியாரை வெல்கின்றன: பிரஷர், எடை, சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்து, அபாய அட்டவணையில் வைத்து, ஆளோடு கதைத்து அனுப்புவது அங்கே இலவசம். காத்திருக்க வேண்டிவரும். எல்பி(ஏ)யும் என்டி-புரோபிஎன்பியும் அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆகவே அடிப்படையை அங்கே செய்துவிட்டு, குறைவதை மட்டும் லாப்பில் தனித்தனியே எடுப்பதுதான் எங்கள் சிபாரிசு. பெரிய பக்கேஜை விடக் குறைவாகவே முடியும்.

திரும்பச் செய்வதிலும் வீண்செலவு நடக்கிறது. ஒரே மனிதரின் ட்ரைகிளிசரைட் கிழமைக்குக் கிழமை ஐந்தில் ஒரு பங்கு ஏறி இறங்குவது இயல்பு. மாதாமாதம் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஸ்ரற்றின் தொடங்கினால் அல்லது அளவு மாற்றினால் நான்கு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் ஒருமுறை, பிறகு டொக்டர் சொல்லும் இடைவெளியில். எண் நல்லாய் வந்துவிட்டது என்று குளிசையை நிறுத்துபவர்கள் கவனிக்கவேண்டும்: அந்த எண் குளிசையால் வந்தது.

எல்பி(ஏ)யைத் திரும்பச் செய்யவே வேண்டாம். ஆனால் அப்பாவுக்கு அது கூடி வந்தால் பக்கேஜுக்குக் காசு கட்டிய பிள்ளையும் அந்தத் தாளை வாசிக்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட்டிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கனடாவின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறை இதைப் பார்க்கச் சொல்கிறது; அங்கே இருப்பவர்கள் தங்கள் குடும்ப டொக்டரிடம் அடுத்த இரத்தப் பரிசோதனையோடு இதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.